420 வெள்ளி ஆலோசனையும் மகளின் வரலாற்றுப் பாடமும்

மகளுக்கு ஏ லெவல் (தொடக்கக்கல்லூரி இறுதித் தேர்வு) முடிவு வந்த மறுவாரம், பல்கலைக்கழகப் படிப்புக்கு வழிகாட்டும் ஒரு தனியார் ஆலோசனை நிலையத்தில் 420 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டினேன். நிலையத்தின் பெயரை எழுதப்போவதில்லை. என்னோடு வேலை பார்ப்பவர்களில் மூன்று பேர், "எப்படி இருந்தது அண்ணே, நாங்களும் பிள்ளையைக் கூட்டிட்டுப் போகலாமா?" என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் கட்டுமானத் தொழிலாளர்களுக்குத் தமிழில் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறவன். 2001-இல் புதுக்கோட்டையிலிருந்து சிங்கப்பூருக்கு ஒர்க் பெர்மிட்டில் வந்தேன். பெட்டியில் பி.ஏ. வரலாற்றுச் சான்றிதழ் இருந்தது. இப்போது மகளும் வரலாறுதான் படிப்பேன் என்கிறாள். அதனால் நான் நடுவில் நின்று எழுதுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வரலாறு படித்தவன், வரலாறு படிக்கப்போகும் பெண்ணின் அப்பா, இரண்டுமாக எழுதுகிறேன்.

420 வெள்ளிக்கு அவர்கள் தருவது இதுதான்: வீட்டிலிருந்தே கணினியில் செய்யும் ஒரு திறன் சோதனை, ஒரு மணி நேரம் வீதம் இரண்டு சந்திப்பு, கடைசியில் 16 பக்க அறிக்கை. முதல் சந்திப்பு மட்டும் வேண்டுமென்றால் 180 வெள்ளி. விலைப்பட்டியலில் அது கீழே சின்ன எழுத்தில் இருக்கிறது, வரவேற்பில் யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

முதல் சந்திப்புக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். பேசியது முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். பொறுமையானவர். பல்கலைக்கழகச் சேர்க்கை மதிப்பெண் 2026 சேர்க்கையிலிருந்து 90-க்கு இல்லை, 70-க்கு என்று எனக்குத் தெரியும். ஆனால் எப்படி என்று தெரியாது. அவர் ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினார். மூன்று எச்2 பாடங்களுக்கு (முழு அளவில் படிக்கும் முதன்மைப் பாடங்கள்) ஒவ்வொன்றுக்கும் 20, பொதுத்தாளுக்கு (ஜெனரல் பேப்பர்) 10, மொத்தம் 70. நான்காவது பாடமும் தாய்மொழியும் மதிப்பெண்ணைக் கூட்டினால் மட்டுமே கணக்கில் சேரும், குறைத்தால் விட்டுவிடுவார்கள். மகளுக்குத் தமிழில் நல்ல கிரேடு. அது கூட்டுகிறதா என்று அங்கேயே போட்டுப் பார்த்தார், கூட்டியது. அவள் முகத்தில் அப்போது வந்த சிரிப்புக்கே காசு கொடுக்கலாம்.

பணக் கணக்கையும் ஒளிக்காமல் சொன்னார். குடியுரிமை உள்ள பிள்ளைக்கு அரசாங்க மானியம் போக, கலைப் படிப்புக்கு ஆண்டுக்கு 8,000 வெள்ளிக்கு மேல் ஆகும். நான்கு ஆண்டென்றால் 32,000-க்கு மேல். கல்வி அமைச்சின் கட்டணக் கடனில் மானியம் போன கட்டணத்தில் 90 விழுக்காடு வரை வாங்கலாம். இல்லையென்றால் மத்திய சேம நிதியின் சாதாரணக் கணக்கிலிருந்து எடுக்கலாம். அந்தச் சேம நிதிப் பணம் கடன்தான், பிள்ளை படித்து முடித்தபின் வட்டியோடு ரொக்கமாக நம் கணக்கில் திருப்பிக் கட்ட வேண்டும். இதைப் பல பெற்றோர் 'நம்ம காசுதானே' என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிடுவதாகச் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது, "ஏங்க, அவகிட்ட இப்பவே சொல்லிடுங்க, பின்னாடி அது பேச்சா வந்துடக் கூடாது" என்றாள். அன்றிரவே சொன்னோம்.

சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) உதவித்தொகையைப் பற்றியும் அந்தப் பெண்ணே ஞாபகப்படுத்தினார். ஆகவே முதல் ஒரு மணி நேரத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இரண்டாவது சந்திப்பு பத்து நாள் கழித்து. இந்தத் தடவை வேறு ஆள், நடுத்தர வயதுக்காரர். உட்கார்ந்ததும் மடிக்கணினியை எங்கள் பக்கம் திருப்பினார். திரையில் பட்டதாரி வேலைவாய்ப்பு ஆய்வின் சம்பள அட்டவணை. கணினிப் படிப்பு உச்சியில் இருந்தது, கலைப் பிரிவைத் தேடக் கீழே போக வேண்டியிருந்தது. அந்த வரிசையில் விரலை வைத்துக்கொண்டு, "வரலாறு படித்தால் ஆசிரியர் ஆகலாம், இல்லையென்றால் அரும்பொருளகம். அதற்குமேல் என்ன இருக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கேட்டது என் மகளிடம், பார்த்தது என்னை.

அவள் பதில் சொல்லவில்லை. கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் முறுக்கிக்கொண்டிருந்தாள். மீதி ஐம்பது நிமிடமும் வணிகப் பகுப்பாய்வு, கணக்கியல் இரண்டில் எது நல்லது என்பதிலேயே போனது. வரலாற்றில் உனக்கு எது பிடிக்கும், கடைசியாக என்ன வாசித்தாய், எதைத் தேடிப் போனாய் என்று ஒரு கேள்வி வரவில்லை. நான் ஒரு மணி நேரமும் காத்திருந்தேன்.

அறிக்கை மின்னஞ்சலில் வந்தது. 11-ஆம் பக்கத்தில் 'இந்த மாணவருக்கு இயந்திரங்கள் இயங்கும் முறையில் ஆர்வம் அதிகம்' என்று இருந்தது. அவள் எடுத்த பாடங்களில் இயற்பியலையும் சேர்த்திருந்தார்கள். அவள் படித்தது வரலாறு, இலக்கியம், பொருளியல். வேறொரு பிள்ளையின் அறிக்கையிலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். எழுதிக் கேட்டேன். மூன்று நாளில் மன்னிப்புக் கேட்டுத் திருத்திய பக்கத்தை அனுப்பினார்கள். அதற்கு நன்றி. ஆனால் கடைசிப் பக்கத்துப் பரிந்துரையில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. இயற்பியல் படித்த பிள்ளைக்கும் இலக்கியம் படித்த பிள்ளைக்கும் ஒரே பரிந்துரை என்றால், அந்தச் சோதனை எதைச் சோதித்தது என்று எனக்கு விளங்கவில்லை.

அந்தச் சம்பள அட்டவணை பொய் என்று நான் சொல்ல வரவில்லை. பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் எடுக்கும் ஆய்வு அது, கடன் வாங்கிப் படிக்க வைக்கும் எங்களைப் போன்ற குடும்பங்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது. ஆனால் அது எப்போது எடுக்கப்படுகிறது என்பதை அவர் சொல்லியிருக்க வேண்டும். இறுதித் தேர்வு முடிந்து ஏறக்குறைய ஆறு மாதத்தில் கேட்டு வாங்கிய எண் அது. கட்டுமானத் தளத்தில் கான்கிரீட் ஊற்றும்போது கியூப் (சோதித்துப் பார்க்க அதே கலவையில் வார்த்த கட்டி) எடுத்து வைப்போம். 7-ஆம் நாள் சிலவற்றை உடைத்துப் பார்ப்பார்கள், 28-ஆம் நாள் மற்றதை. 7-ஆம் நாள் எண் வீண் இல்லை, கலவையில் கோளாறு இருந்தால் அதிலேயே தெரியும். ஆனால் அந்த எண்ணைக் காட்டி இந்தத் தூணின் பலம் இவ்வளவுதான் என்று எந்த இன்ஜினியரும் கையெழுத்துப் போட மாட்டார். 19 வயதுப் பெண்ணைப் பார்த்து அவர் போட்டது அந்தக் கையெழுத்து.

என் பட்டத்தின் கதையை அவரிடம் சொல்ல வாய்ப்புக் கிடைக்கவில்லை. இங்கே சொல்கிறேன், ஏனென்றால் 'அதற்குமேல் என்ன இருக்கிறது' என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் அது ஒன்றுதான்.

முதல் சில வருடம் அந்தப் பட்டத்தை யாரும் கேட்கவில்லை. இரும்பு கட்டினேன், பலகை அடித்தேன். லாரியில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர்களில் பி.காம். இருந்தார், டிப்ளோமா இருந்தார், எங்கள் எல்லாருக்கும் ஒரே சம்பளம். பிறகு எஸ் பாஸுக்கு (ஒர்க் பெர்மிட்டுக்கு மேல்நிலை வேலை அனுமதி) விண்ணப்பிக்கும்போது அந்தச் சான்றிதழை வெளியே எடுத்தேன். காகிதமாக அது பயன்பட்ட முதல் தடவை அதுதான். அந்தப் பயனையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்தக் காகிதம் இல்லாத நண்பர்கள் சிலர் என்னைவிட நல்ல வேலைக்காரர்கள், ஆனாலும் அதே இடத்தில் நின்றுவிட்டார்கள்.

படிப்பாக அது பயன்பட்டது 2011-இல். அப்போது நான் ஒரு தளத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர். ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். பார்த்தவர்கள் மூன்று பேர்: ஒரு பங்ளாதேஷ்காரர், ஒரு சீனர், நம்மூர்ப் பையன் ஒருவன். மூன்று வாக்குமூலமும் என் மேசைக்கு வந்தன. 'அவர் பெல்ட்டின் கொக்கியை மாட்டவில்லை' என்று மூன்றிலும் ஒரே ஆங்கில வாக்கியம். எழுத்துப்பிழை உட்பட ஒன்று.

மூன்று மொழிக்காரர்கள் ஒரே பிழையோடு எழுத முடியாது. அதை உடனே பிடிக்க வைத்தது நான் படித்த வரலாறு. கல்லூரியில் எங்கள் பேராசிரியர் ஒருநாள் எங்களைக் குடுமியான்மலைக்குக் கூட்டிப் போனார். இசைக் கல்வெட்டு இருக்கிற மலை. எல்லாரும் அதன் பழமையை வியந்துகொண்டு நின்றோம். அவர், "வியந்தது போதும்டா. இதை வெட்டச் சொன்னது யாரு? யாரு படிக்கணும்னு வெட்டினான்? இதுல எழுதாம விட்டது எது? இந்த மூணைக் கேளு" என்றார். வெயிலில் நின்று கேட்ட அந்த மூன்று கேள்வியைத்தான் பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து அந்த மூன்று தாள்களைப் பார்த்துக் கேட்டேன்.

ஒவ்வொருவரையும் தனித்தனியாக, மேற்பார்வையாளர் இல்லாத இடத்தில் உட்கார வைத்தேன். மொழி தெரியாத இடத்தில் சாரத்தைப் படமாக வரைந்து, நீ எங்கே நின்றாய் என்று பென்சிலைக் கையில் கொடுத்தேன். சீனர் படத்தைப் பார்த்துவிட்டு, கொக்கி மாட்டும் கயிறு இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் கையை விரித்தார். அங்கே கயிறே இல்லை. காலையில் பலகை தூக்குவதற்காகக் கழற்றியவர்கள் திரும்பக் கட்டவில்லை. மாட்டுவதற்கு எதுவும் இல்லாத இடத்தில் மாட்டவில்லை என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள்.

இங்கே வேலைக் காய இழப்பீடு யார் தவறு என்று பார்த்துக் கொடுப்பதில்லை, அதனால் அவருக்குப் பணம் எப்படியும் கிடைத்திருக்கும். ஆனால் 'கவனக்குறைவு' என்று எழுதிக் கோப்பை மூடியிருந்தால் அந்தக் கயிறு திரும்ப வந்திருக்காது, அடுத்த வாரம் இன்னொருவர் விழுந்திருப்பார். அதற்குப் பிறகு அந்தத் தளத்தில் கயிற்றைக் கழற்ற எழுத்தில் அனுமதி, திரும்பக் கட்டியதற்கு எழுத்தில் உறுதி என்று ஆனது. பயிற்றுநர் வேலைக்கு நான் வந்ததும் அந்த அறிக்கையால்தான்.

இன்றைக்கும் என் வகுப்பில் நிக்கல் நெடுஞ்சாலையைப் பற்றிச் சொல்லாமல் விடுவதில்லை. 2004 ஏப்ரல் 20, வட்டப்பாதை ரயிலுக்குத் தோண்டிய பள்ளம் சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். தாங்குகம்பிகள் சேரும் இடத்தின் வடிவமைப்புப் பலவீனம் ஒரு காரணம். சுவர் நகர்கிறது என்று கருவிகள் முன்பே காட்டிய எண்களை உரியபடி எடுத்துக்கொள்ளாதது இன்னொன்று. இரண்டு ஆண்டு கழித்து வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. வகுப்பில் இருக்கும் பையன்களில் பலர் அப்போது குழந்தைகள். இன்று அவர்கள் போடும் ஒவ்வொரு கையெழுத்துக்குப் பின்னாலும் அந்தப் பள்ளம் இருக்கிறது என்று சொன்னால், தூங்குகிறவனும் நிமிர்ந்து உட்காருவான்.

சரி, ஆலோசனை நிலையத்துக்கு வருகிறேன். சம்பளத்தைப் பற்றி அவர் பேசியதைவிடப் பெரிய குறை, சொல்ல வேண்டியதைச் சொல்லாதது. இதற்கிடையே கென்ட் ரிட்ஜில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் திறந்தநாளுக்குப் போனோம். அங்கே இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஐந்து நிமிடத்தில் சொன்னது, 420 வெள்ளிக்குக் கிடைக்கவில்லை. அங்கே 2021 முதல் மனிதவியல் (வரலாறு, இலக்கியம் போன்ற துறைகள்), அறிவியல் கல்லூரி என்று ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் முதலில் அந்தக் கல்லூரியில் சேர்கிறார்கள், எதை முதன்மைப் பாடமாக எடுப்பது என்பதைச் சேர்ந்து படித்துப் பார்த்தபின் முடிவு செய்யலாம். வரலாறு எடுக்கிறவருக்கும் தரவு, செயற்கை நுண்ணறிவு, அறிவியல் விசாரணை எல்லாம் பொதுப் பாடமாக உண்டு. இயற்பியல் எடுக்கிறவரும் மனிதவியல் பாடம் படித்தாக வேண்டும். அப்படியென்றால் வரலாறா, அந்தக் கல்லூரியின் வேறொரு பாடமா என்று இப்போதே கத்தியைக் கழுத்தில் வைத்துக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. இதைத் தெரிந்து சொல்வதுதானே ஆலோசகரின் வேலை?

இன்னொன்று. தொடக்கக்கல்லூரியிலேயே கல்வி, வாழ்க்கைத்தொழில் வழிகாட்டி ஆலோசகர் இருக்கிறார். காசு கிடையாது. நாங்கள் தாமதமாகத்தான் போனோம். அவர் முதலில் கேட்ட கேள்வி: "பள்ளிக்கு வேண்டாம், மதிப்பெண்ணுக்கு வேண்டாம், நீயாக எதையாவது தேடிப் படித்திருக்கிறாயா?"

மகள் பையிலிருந்து ஒரு கோப்பை எடுத்தாள். எனக்கே தெரியாது. தேசிய நூலகம் மின்னாக்கம் செய்து வைத்திருக்கும் பழைய தமிழ் முரசு நாளிதழ்களிலிருந்து எடுத்த பக்கங்கள். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகம் இங்கே சிங்கப்பூரில் இருந்தபோது, இந்திய ஆய்வுத் துறையில் தமிழுக்கு முதலிடம் வேண்டும் என்று தமிழ் முரசை நடத்திய கோ. சாரங்கபாணி குரல் கொடுத்தார். 'தமிழ் எங்கள் உயிர்' என்று பெயர் வைத்து மக்களிடம் நிதி திரட்டினார். கூலிக்கு வேலை பார்த்தவர்களும் கொடுத்தார்கள்.

மகள் அந்த ஆலோசகரிடம் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே வந்தவள், என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள். "அப்பா, அவங்கள்ல நிறையப் பேரு பல்கலைக்கழக வாசலைக்கூடப் பார்த்திருக்க மாட்டாங்க. அன்னிக்குச் சம்பளத்துல எதுக்கு எடுத்துக் குடுத்தாங்க? அவங்க பிள்ளைங்க அங்க போவாங்கன்னு நெனச்சாங்களா, இல்ல வேற எதுக்காவதா? நான் கண்டுபிடிக்க நினைக்கிறது அதுதான்ப்பா."

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. லாரியில் போன நாட்களில் நானும் கோயில் நிதிக்கும் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் பத்து வெள்ளி, இருபது வெள்ளி எடுத்துக் கொடுத்தவன். ஏன் கொடுத்தேன் என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. ஒரு பிள்ளைக்கு அந்தக் கேள்வி தானாக வருகிறது என்றால் அதற்கு நான்கு ஆண்டு கொடுக்கலாம் என்று அந்த அறையில்தான் நான் முடிவு செய்தேன். அதுவரை எனக்கும் பயம் இருந்தது. வூட்லண்ட்ஸ் வீட்டுக் கடன் இன்னும் இருக்கிறது, அவளுக்குக் கீழே தம்பி இருக்கிறான். பயம் இப்போதும் முழுக்கப் போகவில்லை.

தேசியப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டாள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் வரலாற்றுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறாள். கணக்கியலை எங்கும் போடவில்லை, போடச் சொல்லவும் இல்லை.

இனி கேட்ட மூன்று நண்பர்களுக்கும்: சேர்க்கை மதிப்பெண், கட்டணம், கடன் இவை குழப்பமாக இருந்தால் 180 வெள்ளிக்கு முதல் சந்திப்பை மட்டும் எடுங்கள், அந்தப் பெண்ணையே கேளுங்கள். ஆனால் அதற்கு முன் பள்ளி ஆலோசகரைப் பாருங்கள், முடிவு வரும்வரை காத்திருக்காமல் முன்பே நேரம் வாங்குங்கள். பிள்ளை இன்ஜினியரிங் என்று முடிவு செய்துவிட்டால் இரண்டாவது சந்திப்பு உங்களுக்குப் பயன்படலாம், அந்த ஆள் அந்தத் துறைகளை அறிந்தவராகத்தான் தெரிந்தார். வரலாறு, இலக்கியம், மெய்யியல், தமிழ் என்று பேசும் பிள்ளை என்றால் 240 வெள்ளியை மிச்சம் பிடித்து, விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் ஒரு சனிக்கிழமை முழுக்க விட்டுவிடுங்கள். மாலையில் கூட்டிவரப் போகும்போது என்ன பார்த்தாய் என்று கேளுங்கள்.

பணம் கட்டுவதென்றால், கட்டும் முன்பே ஒன்று விசாரியுங்கள்: இரண்டாவது சந்திப்பில் உட்காரும் ஆலோசகர்களில் மனிதவியல் படித்தவர் ஒருவராவது இருக்கிறாரா? திருத்திய அறிக்கை வந்த அன்று நான் தொலைபேசியில் இதைக் கேட்டேன். வரவேற்பில் இருந்தவர் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். ஐந்து வாரம் ஆகிறது, இன்னும் அழைப்பு வரவில்லை. வந்தால் இங்கேயே சேர்த்து எழுதுகிறேன்.